போர்ஷே 911-க்கு மாற்று டயர்: அறிகுறி பார்த்துக் காரணம் அறியும் வழிமுறை

டயர் மாற்ற வரும் ஒவ்வொரு 911-இலும் நான் முதலில் விசாரிப்பது எந்த பிராண்டு வேண்டும் என்பதை அல்ல; கழற்றப் போகும் டயர் எதனால் வீணானது என்பதைத்தான். காரணம் தெரியாமல் மாட்டப்படும் புதிய டயர், பழையதைத் தின்ற அதே கோளாறுக்கு இரையாகும். எனவே இங்கே டயர்களை வரிசைப்படுத்தி இதை வாங்குங்கள், அதை வாங்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. வண்டி காட்டும் அறிகுறி, அதற்குப் பின்னால் உள்ள காரணம், அந்தக் காரணத்தைப் பொறுத்து எந்த டயர் என்ற வரிசையில்தான் போகிறேன்.

எடுத்துக்காட்டாக 911-இன் 991 என்ற தலைமுறையில், முதல் பதிப்பைச் சேர்ந்த கரேரா எஸ் மாடலை வைத்துக்கொள்வோம். அதன் 20 அங்குலச் சக்கரங்களில் முன்னால் 245/35, பின்னால் 295/30 அளவு டயர்கள் இருக்கும்; முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் வண்டியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின் மேல் விழுகிறது; எஞ்சினின் இழுவையையும் அவையே சுமக்கின்றன. முன்டயர் ஒரு ஜோடி தேய்வதற்குள் பின்டயர் இரண்டு ஜோடி தேய்ந்துபோவது இந்த வண்டியில் சாதாரணம். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை. முன்னும் பின்னும் அகலம் வேறாக இருப்பதால், சாதாரண கார்களில் செய்வதுபோல் முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் வழியில்லை.

அறிகுறிக்குப் போகுமுன் எடுக்க வேண்டிய குறிப்பு

ஒரு தாளில் நான்கு சக்கரங்களையும் வரைந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடங்களில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். இதற்கான ஆழமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதிய டயரில் பள்ளம் 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். பள்ளத்தின் அடியில் குறுக்கே ஓடும் சிறு மேடு, ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வரும்போது டயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும். அடுத்து, பக்கச்சுவரில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். தேதியோடு கூடிய முழு வரிசை ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருப்பது வழக்கம் என்பதால், அது உள்பக்கம் திரும்பியிருந்தால் வண்டியைத் தூக்கினால்தான் கண்ணில் படும். காற்றழுத்தத்தையும் காலையில் வண்டி நகர்வதற்கு முன்பே அளந்து அதே தாளில் எழுதிவிடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போனால் அங்கே சொல்வதைக் கேட்டுக்கொள்வதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது.

அறிகுறி: பின்டயர் வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கிறது, உள்ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது

911 வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். நின்றபடி குனிந்து பார்த்தால் வெளிஓரத்தில் 4 மில்லிமீட்டர் பள்ளம் தெளிவாகத் தெரியும்; இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று தோன்றும். வண்டியை லிஃப்டில் ஏற்றி உள்ஓரத்தில் கைவைத்தால் ரப்பர் வழுவழுப்பாக இருக்கும். இன்னும் சற்று உள்ளே விரலை நகர்த்தினால் எஃகுக் கம்பிகளின் நுனி ஊசிபோல் குத்தும். வெறுங்கையால் தடவாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கம்பி வெளியே தெரியும் டயரில் வீடு வரைக்கும்கூட ஓட்டிப் போகக் கூடாது.

இதற்கு இரண்டு காரணங்கள் கைகோத்து வேலை செய்கின்றன. வளைவில் பிடிப்பு கிடைப்பதற்காக, பின்சக்கரங்களின் மேற்பகுதி வண்டியை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி ஆலையிலேயே அமைத்திருப்பார்கள். கேம்பர் எனப்படும் இந்தச் சாய்வு ஒன்றரை டிகிரியை ஒட்டி இருக்கும். அதனால் நேர்ச்சாலையில் எடை உள்ஓரத்தில் சற்று அதிகமாக விழும். ஆனால் அனுபவத்தில் நான் கண்டது, கேம்பர் மட்டும் தனியாக ஒரு டயரை இப்படிச் சீக்கிரம் கொல்வதில்லை. சக்கரம் நேராக உருளாமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணமான டோ தவறும்போதுதான் சேதம் பல மடங்காகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டோ தேவைக்கு மேல் 0.2 டிகிரி தவறியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் உரசி இழுபடுகிறது. கேம்பர் எடையை உள்ஓரத்தில் வைக்கிறது, டோ அந்த ஓரத்தைச் சாலையில் தேய்க்கிறது.

எது எவ்வளவு என்பதைக் கை கொண்டே ஓரளவு அறியலாம். டயரின் குறுக்கே உள்ளங்கையை ஒருமுறை உள்ளிருந்து வெளியேயும், ஒருமுறை வெளியிலிருந்து உள்ளேயும் நகர்த்துங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் இறகின் முனைபோல் விளிம்புகள் தட்டுப்பட்டால் டோ தவறியிருக்கிறது. இரு திசையிலும் ஒரே மாதிரி வழுவழுப்பாக, உள்ஓரம் மட்டும் சரிவாக இறங்கியிருந்தால் கேம்பரே முதன்மைக் காரணம். வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், ஏனெனில் வண்டி தாழத் தாழ அந்தச் சாய்வு கூடும்.

வீல் அலைன்மென்ட் செய்யும்போது மாற்றத்துக்கு முந்தைய அளவுகளையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். 'சரி பண்ணியாச்சு சார்' என்று பச்சை வண்ணத்தில் ஒரு தாளை மட்டும் நீட்டினால் எது தவறியிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். இடமும் வலமும் பெரிதாக வேறுபட்டிருந்தால் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் உறையான புஷ் தளர்ந்திருக்கலாம். நிற்கும்போது சரியாகக் காட்டும் அளவு, பிரேக் பிடிக்கும்போது புஷ் நெகிழ்ந்து மாறிவிடும். அந்த நிலையில் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் பயனில்லை, புஷ்ஷை முதலில் மாற்றியாக வேண்டும்.

இந்த நிலையில் சிலர், சீக்கிரம் தேயாத கடினமான ரப்பர் கொண்ட வேறொரு டயரைப் பின்னால் மட்டும் போட்டுவிடலாம் என்று கேட்பார்கள். இதற்கு நான் சம்மதிப்பதே இல்லை. எஞ்சின் பின்னால் உள்ள வண்டியில் பின்டயரின் பிடிப்பு முன்டயரைவிடக் குறைந்தால், ஈரமான வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கும் நொடியில் வண்டியின் பின்பகுதி முந்திக்கொண்டு வரும். பின்டயர்களை ஜோடியாகவே மாற்றுங்கள். ஆணி குத்தி ஒன்று மட்டும் வீணாகிவிட்டது என்றால்கூட, ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களின் பள்ள ஆழத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது போர்ஷே வகுத்த வரம்பு.

அறிகுறி: நடுப்பகுதி மட்டும், அல்லது இரண்டு ஓரங்களும் மட்டும் தேய்ந்துள்ளன

நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், ஓரங்களில் தேய்ந்தால் காற்று குறைவு. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். நம் ஊர் வெயிலில் அழுத்தத்தை எப்போது அளப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள பட்டையில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கு, அதாவது 20 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. வெப்பம் 10 டிகிரி கூடும்போது அழுத்தம், பார் என்ற அலகில் ஏறத்தாழ 0.1 கூடும். மே மாதம் பகல் வெயிலில் நின்ற வண்டியில் 0.2 பாருக்கு மேல் அதிகம் காட்டுவது இயல்பு. ஓடி வந்த டயரில் இன்னும் கூடும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அழுத்தம் குறைந்து, ஓரங்கள் தேயத் தொடங்கும். பின்டயரின் நடுப்பகுதி மட்டும் சற்று வேகமாகத் தேய்வதற்கு, சிக்னலில் பச்சை விழுந்ததும் முழு இழுவையையும் கொடுக்கும் வலது காலும் ஒரு காரணம் என்பதை உரிமையாளரிடம் நயமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிகுறி: புதிய டயர் மாட்டியதும் வண்டி மிதப்பதுபோல், பின்பகுதி அலைவதுபோல் இருக்கிறது

முதல் 200, 300 கிலோமீட்டருக்கு இது இயல்பு. வார்ப்பிலிருந்து டயரை எடுக்க உதவும் பூச்சு மேற்பரப்பில் மிச்சமிருக்கும்; பள்ளம் ஆழமாக இருப்பதால் ரப்பர் கட்டைகளும் சற்று வளைந்து நெளியும். பழைய டயரில் 2 மில்லிமீட்டர் கட்டைகளின் விறைப்புக்குப் பழகிய கைக்கு இந்த நெளிவு உடனே தெரியும். அதுவரை நிதானமாக ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் மிதப்பு போகவில்லை என்றால், பக்கச்சுவரில் உள்ள குறிகளைப் படிக்க வேண்டும்.

போர்ஷே தன் வண்டிகளுக்கென்று சோதித்து ஏற்ற டயர்களில் 'என்' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்: என்0, என்1, என்2 என்று போகும். என்0 என்பது அந்த டயர் வடிவம் முதன்முதலில் ஏற்கப்பட்டபோது கொடுத்த குறி. பிறகு அதே டயரில் மாற்றம் செய்து மீண்டும் ஏற்றால் என்1 ஆகும். எண் பெரிதாக இருப்பதால் ஒரு பிராண்டின் டயர் இன்னொன்றைவிட மேல் என்று பொருளில்லை. அண்மை மாடல்களுக்கு என்ஏ0, என்எஃப்0 போல் இன்னோர் எழுத்தும் சேர்ந்த குறிகள் வருகின்றன. பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ என்று மற்ற நிறுவனங்களுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும், என்0 குறியுள்ள மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ்ஸும் குறி ஏதும் இல்லாத பைலட் ஸ்போர்ட் 4 எஸ்ஸும் ஒரே டயர் அல்ல. உள்கட்டுமானமும் ரப்பர் கலவையும் அந்தந்த வண்டிக்கேற்ப மாற்றப்பட்டிருக்கலாம். பின்னால் குறியுள்ளதும் முன்னால் குறியில்லாததும் கலந்து மாட்டப்பட்ட வண்டியில் இந்த மிதப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அளவும் பெயரும் பொருந்துவதால் கடையில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

என் குறி இல்லாத டயரை மாட்டவே கூடாதா என்று கேட்டால், என் கருத்து இது. கிடைக்கிறதென்றால் குறியுள்ளதையே வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால், நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலை, உரிய அளவிலும் சுமைக்குறியிலும் வேகக்குறியிலும் முழு செட்டாக வாங்குவது, குறியுள்ள இரண்டையும் குறியற்ற இரண்டையும் கலப்பதைவிட எவ்வளவோ மேல். போர்ஷே நிறுவனம் இதை ஒப்புக்கொள்ளாது. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியென்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே குறியுள்ளதற்காகக் காத்திருக்கலாம்.

சுமைக்குறியையும் வேகக்குறியையும் மட்டும் எக்காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்த வண்டியின் முன்டயரில் 91, பின்டயரில் 101 என்று இருக்கும். முறையே ஒரு டயர் 615 கிலோவையும் 825 கிலோவையும் தாங்கும் என்பது பொருள். பின்டயரில் எக்ஸ்எல் என்ற கூடுதல் சுமைக்கான குறியும் உண்டு. வேகக்குறியில் வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ 270, ஒய் 300. ஒய் எழுத்தும் சுமைக்குறியும் அடைப்புக்குள் இருந்தால் 300-க்கும் மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் யார் 300-இல் போகப் போகிறார்கள் என்ற கேள்வி நியாயமானதாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் குறி வேகத்தை மட்டும் சொல்வதில்லை. அந்த வேகத்தில் எழும் வெப்பத்தைத் தாங்கும் உள்கட்டுமானம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

இந்தியாவில் வாங்குவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே விற்கப்படும் கார் டயரில் ஐஎஸ் 15633 தரத்துக்கான ஐஎஸ்ஐ முத்திரை இருந்தாக வேண்டும். 2020 ஜூன் மாதத்தில் புதிய கார் டயர்களின் இறக்குமதி உரிமம் பெற்றே செய்ய வேண்டிய பட்டியலுக்கும் மாற்றப்பட்டது. எனவே குறிப்பிட்ட அளவும் குறியும் கொண்ட பின்டயர் கையிருப்பில் இல்லாமல் போவது புதிதல்ல. பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு வரும்போதே தேடத் தொடங்குங்கள். கம்பி தெரிந்த பிறகு தேடினால் கிடைத்ததை மாட்டும் கட்டாயம் வந்துவிடும்.

அறிகுறி: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது

டயர் மாட்டிய அன்றே பேலன்சிங் சரியாக இருந்து, மறுநாள் நடுக்கம் வந்தால், டயர் ரிம்மின் மேல் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது விளிம்பில் தடவும் சோப்புக் கரைசல் காய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் பலமாக ஆக்சிலரேட்டர் கொடுத்தாலோ பிரேக் அடித்தாலோ ரிம் சுழல, டயர் சற்றுப் பின்தங்கிவிடும். எடைக்கட்டிகள் ஒட்டிய இடத்துக்கும் டயரின் கனமான பக்கத்துக்கும் உள்ள பொருத்தம் கலைந்துபோகும். இதைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. பேலன்சிங் முடிந்ததும் வால்வுக்கு நேராக டயரின் பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மறுநாள் கோடு வால்வுக்கு நேராக இல்லையென்றால் விஷயம் முடிந்தது. மீண்டும் பேலன்சிங் செய்தால் போதும். ஒருமுறை ஒரு பின்சக்கரத்தில் அந்தக் கோடு நான்கு விரற்கடை தள்ளிப் போயிருந்ததைக் கண்டேன். ஓட்டியவர் கடையிலிருந்து வெளியே வந்ததும் நெடுஞ்சாலையில் வண்டியின் வேகத்தைச் சோதித்திருக்கிறார்.

கோடு நகரவில்லை என்றால், சக்கரத்தைக் கழற்றி, ரிம்மும் ஹப்பும் ஒட்டும் முகத்தில் துருவோ மண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரிம்மைப் பேலன்சிங் எந்திரத்தில் டயர் இல்லாமல் சுழற்றி, விளிம்பு மேலும் கீழும் ஆடுகிறதா என்று கவனியுங்கள். 30, 35 தொடர் டயரின் பக்கச்சுவர் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. குழியில் விழும் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் அங்கே போதாது, அடி நேராக அலாயில் இறங்கும். வளைந்த ரிம்மை எடை ஒட்டிச் சமாளிக்கலாம் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரத்திலும், இருக்கை நடுங்கினால் பின்சக்கரத்திலும் தேடத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் 'தட தட' என்று அடித்துப் பிறகு தானாக அடங்கினால் அது வேறு. பல நாள் ஒரே இடத்தில் நின்ற டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடுகிறது. டயருக்குள் எஃகுப் பட்டையின் மேல் சுற்றப்பட்ட நைலான் இழைகள் சூடேறியதும் மீண்டும் வட்டமாகும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது மாறாமலே தங்கிவிடலாம். வெளிநாடு போகும்போது வண்டியை நிறுத்திவைப்பவர்கள் அதைத் தாங்கிகளில் தூக்கி வைப்பது நல்லது.

அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது சாலையின் தடங்களைப் பின்தொடர்கிறது

காற்றழுத்தம் இருபுறமும் சமமாக இருந்து, சமதளச் சாலையிலும் ஒரு பக்கமே இழுத்தால், முன்டயர்களை இடம்வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பு திசை மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் அலைன்மென்டிலோ பிரேக்கிலோ இருக்கிறது. பக்கச்சுவரில் சுழற்சி அம்புக்குறி உள்ள டயரில் இந்தச் சோதனை செய்யக் கூடாது. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று மட்டும் எழுதியுள்ள டயரை, வெளிப்பக்கம் வெளியே இருக்கும்வரை எந்தப் புறமும் மாட்டலாம்.

லாரிகள் ஓடி அழுத்திய தடங்களில் ஸ்டியரிங் தானாக அலைவது அகலமான டயரின் குணம். அது திடீரெனக் கூடினால் முன்சக்கர டோவைச் சோதியுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நகரும்போது முன்சக்கரம் விட்டுவிட்டுத் தாவுவதும் கோளாறல்ல. அந்தக் கோணத்தில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் தத்தம் வட்டத்தில் சரியாக உருளாமல், விறைப்பான டயர் இழுபட்டுத் துள்ளுகிறது. குளிர்காலத்தில் கூடுதலாகத் தெரியும். இதற்காக டயர் மாற்றிப் பணத்தை விரயம் செய்யாதீர்கள்.

அறிகுறி: புதிய டயருக்குப் பின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது

காற்றழுத்தக் கண்காணிப்பின் மெனுவில் மாட்டியுள்ள டயரின் வகையையும் அளவையும் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பார்கள். பாதி நேரம் காரணம் இதுதான். தேர்ந்தெடுத்த பிறகு சற்று நேரம் ஓட்டினால் வண்டி புதிய சக்கரங்களை அறிந்துகொள்ளும். அப்படியும் ஒரு சக்கரம் மட்டும் தெரியவில்லை என்றால், வால்வோடு உள்ள சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பேட்டரியை மட்டும் மாற்ற இயலாது, சென்சாரையே மாற்ற வேண்டும். பழைய வண்டியில் டயர் கழற்றும் அன்றே அதையும் மாற்றிவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம்.

நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான பிஎஸ்எம் விளக்கு எரிந்தால் அளவைப் பாருங்கள். 245/35 முன்டயரின் விட்டம் 679.5 மில்லிமீட்டர், 295/30 பின்டயருடையது 685. பின்னால் அகலம் கூடுதலாக இருக்கட்டும் என்று 305/30 போட்டால் விட்டம் 691 ஆகி, முன்பின் விகிதம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மாறுகிறது. பின்சக்கர இழுவை வண்டியில் இந்த ஒரு விழுக்காட்டை மின்னணு பொறுத்துக்கொள்ளலாம். நான்கு சக்கர இழுவையில் இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள கிளட்ச் ஓயாமல் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும். நான்கு சக்கர இழுவை மாடலில், தேய்ந்த முன்டயரோடு முற்றிலும் புதிய பின்டயரைச் சேர்க்கும் முன்பும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: மழையில் முன்பகுதி இலேசாகிவிடுகிறது

முன்னால் எடை குறைவாகவும் டயர் அகலமாகவும் இருப்பதால், தேங்கிய நீரின் மேல் 911-இன் முன்பகுதி முதலில் ஏறிவிடும். ஸ்டியரிங்கில் கனம் திடீரென மறைவதுதான் இதன் அடையாளம். முன்டயர் மெதுவாகத் தேய்வதால் அதை யாரும் கவனிப்பதில்லை. பின்டயர்கள் இரண்டு முறை மாறியிருக்கும். முன்டயர் 3 மில்லிமீட்டருக்கு இறங்கி ஐந்தாம் ஆண்டைத் தொட்டிருக்கும். சட்டப்படி 1.6 வரை ஓடலாம் என்றாலும், வடகிழக்குப் பருவமழையைச் சந்திக்கும் சென்னை வண்டியில் 3 மில்லிமீட்டருக்குக் கீழ் உள்ள டயரோடு அக்டோபருக்குள் நுழைய வேண்டாம் என்றே சொல்வேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எப்போதாவது ஒரு நாள் ஓட்டுவதற்காகப் பைலட் ஸ்போர்ட் கப் 2 வகை டயரை மாட்டிக்கொண்டு அதையே தினசரிச் சாலையிலும் ஓட்டுபவர்கள் உண்டு. காய்ந்த தடத்தில் அதன் பிடிப்புக்கு ஈடில்லை. ஆனால் நீர் வெளியேறும் பள்ளங்கள் குறைவாக உள்ள அந்த டயர், தேங்கிய மழைநீரில் பாதி தேய்ந்தவுடனே பயமுறுத்தத் தொடங்கும். பக்கச்சுவரில் உள்ள தேய்மான எண்ணைப் பார்த்து, இது 180, அது 300, ஆகவே அது அதிக நாள் வரும் என்று முடிவு செய்யவும் வேண்டாம். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துக் கொடுக்கிறார் என்பதால், ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட உதவுமே தவிர, இரு நிறுவனங்களை ஒப்பிட அது போதாது. மழைப் பிடிப்புக்கு, ஐரோப்பிய லேபிளில் ஏ முதல் இ வரை கொடுக்கப்படும் ஈரப்பிடிப்புத் தரம் இதைவிட நம்பகமான துணை.

அறிகுறி: பள்ளம் ஆழமாக இருக்கிறது, ஆனால் பிடிப்பில்லை, மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிகளின் நோய் இது. ஒன்பது ஆண்டில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஒரு வண்டியின் முன்டயரில் 6 மில்லிமீட்டர் இருந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை, பிளாஸ்டிக்போல் இருந்தது. உரிமையாளருக்கு மனம் வரவில்லை. ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயரை ஓட்ட வேண்டாம் என்பது போர்ஷேவின் அறிவுரை. நம் வெப்பத்தில் அதற்கு முன்பே நகத்தை வைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கும்போதும் தேதியைக் கேளுங்கள். அரிதான அளவுகள் கிடங்கில் நெடுநாள் கிடப்பதுண்டு. நான்கும் சில வாரங்களுக்குள் செய்யப்பட்டவையாக இருந்தால் நல்லது, இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்ததை நான் திருப்பி அனுப்புவேன்.

ஐரோப்பாவிலோ கனடாவிலோ உள்ளவர்களுக்கு வெடிப்பு வேறு வழியிலும் வரும். கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ் விறைக்கத் தொடங்கும். உறைநிலைக்கு வெகு கீழே நின்ற வண்டியை அப்படியே நகர்த்தினால் பள்ளக் கட்டைகள் விரிசல் விடலாம். சூடான இடத்தில் ஒரு நாள் வைத்திருந்து, ரப்பர் இளகிய பிறகே நகர்த்துங்கள்.

பக்கச்சுவரில் கொப்பளம்போல் புடைப்பு தெரிந்தால் ஆராய ஏதுமில்லை. உள்ளே இழைகள் அறுந்துவிட்டன, ஒட்டுப் போட முடியாது, டயரை மாற்றுங்கள். அதே குழியில் விழுந்த ரிம்மையும் சோதித்துவிடுங்கள்.

மாட்டி முடித்தபின், கடையை விட்டுக் கிளம்புமுன்

நான்கு டயரிலும் வெளிப்பக்கம் என்ற எழுத்து வெளியே தெரிகிறதா, ஒரே அச்சில் ஒரே குறி இருக்கிறதா என்று சுற்றிவந்து பாருங்கள். ஐந்து போல்ட் உள்ள 991 சக்கரத்துக்கு 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடிக்காமல் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரே நட்டு உள்ள சக்கரத்துக்கு 600 வேண்டும். அதற்குரிய நீண்ட ரெஞ்ச் இல்லாத கடையில் அந்தச் சக்கரத்தைக் கழற்றவே விடாதீர்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பழைய தாளின் பின்பக்கத்தில் மூன்று இடத்து அளவையும் மீண்டும் எழுதுங்கள். பின்டயரின் உள்ஓரம் வெளிஓரத்தைவிட அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், அன்றே அலைன்மென்டுக்கு விடுங்கள்.